எல்லோருக்கும் அளவாயிருந்த குழி

சிப்பித்துறைக் கல்லறைத் தோட்டத்தில், கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் யாரும் வெட்டாத ஒரு குழி இருந்தது. திருநாளுக்காகப் புல் செதுக்கப் போன குழிவெட்டி மிக்கேல்தான் அதை முதலில் பார்த்தான். நாலு பக்கமும் நூல் பிடித்தாற்போல் இறங்கியிருந்தது, அள்ளிப்போட்ட மண் ஒரு கூடைகூடப் பக்கத்தில் இல்லை. தன் வேலையை வேறு எவனோ செய்துவிட்டான் என்ற ரோசத்தில் மிக்கேல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "யாருக்கும்மா முடியல? உங்க வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?" என்று கேட்டான். விடிந்ததும் விடியாததுமாக இதென்ன கேள்வி என்று பெண்கள் அவனை வைதார்கள். ஊரில் யாரும் சாகவில்லை. சாகக் கிடக்கவும் இல்லை.

எட்டுப் பேர் சேர்ந்து முப்பது கூடை மண்ணைக் கொட்டி மூடினார்கள். புதன்கிழமை காலை குழி மறுபடியும் முந்தைய நாள் போலவே சுத்தமாகத் திறந்திருந்தது. பங்குச் சாமியார் அமிர்தராயர் வந்து தீர்த்தம் தெளித்தார், குழி தீர்த்தத்தைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. எவனுக்கு வெட்டினது என்று பார்த்துவிடலாம் என்று மிக்கேல் உள்ளே குதித்து நீட்டிப் படுத்தான். அவன் அஞ்சடிக்கு ஒரு விரல் குறைவு. தலையும் உள்ளங்காலும் மண்ணைத் தொட்டன.

"எனக்கு அளவெடுத்து எவன்ல வெட்டுனது?" என்று உள்ளேயிருந்து அலறினான்.

ஊர்க் கமிட்டித் தலைவர் ரொசாரி ஆறடி இரண்டங்குலம். மிக்கேலைக் கையைப் பிடித்து வெளியே தூக்கிவிட்டு, பயந்த மனுசனுக்குப் புத்தி சொல்லுகிற மாதிரி தானே இறங்கி மல்லாக்கப் படுத்தார். அவருக்கும் தலையும் உள்ளங்காலும் மண்ணைத் தொட்டன.

சுற்றி நின்ற நாங்கள் சிலுவை போடக் கையைத் தூக்கினோம். அதற்குள் ரொசாரி எழுந்தார், ஏறி வந்தார், யார் முகத்தையும் பார்க்காமல் ஓடத் தொடங்கினார். கல்லறைத் தோட்டத்துக் கதவைத் தாண்டி, கோயில் தெருவைத் தாண்டி, ஐஸ் கம்பெனியைத் தாண்டி, செருப்பில்லாத காலோடு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸில் தொற்றி ஏறிக்கொண்டார். பதினோரு வருசமாகப் பேச்சில்லாத தம்பியைப் பார்க்கப் போனார் என்பது மறுநாள் இரண்டு பேரும் தோளில் கைபோட்டபடி அதே பஸ்ஸில் வந்து இறங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஊரைப் பிடித்துவைக்க யாராலும் முடியவில்லை. வியாழக்கிழமை காலை பூசை முடிவதற்கு முன்பே குழிக்கு வரிசை நின்றது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்று கயிறு கட்டினார்கள், ரேசன் கடைக்காரர் அட்டையில் நம்பர் எழுதிக் கொடுத்தார், டீக்கடைக்காரர் அடுப்பைக் கல்லறைச் சுவருக்கே கொண்டுவந்துவிட்டார். ஒல்லியானவர்கள் படுத்தார்கள், உடம்பு பெருத்தவர்கள் படுத்தார்கள், கூன் விழுந்த கிழவர் ஒருவர் ஒருக்களித்துப் படுத்தார், எல்லோருக்கும் குழி அளவாயிருந்தது. உள்ளே என்ன தெரிந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: நாலு மூலையுள்ள வானம் தெரிந்தது, அதில் இறக்கையுள்ள சம்மனசும் இல்லை, நெருப்பும் இல்லை, ஒரே ஒரு ஆளுடைய முகம் தெரிந்தது. யாரிடம் போயிருக்க வேண்டுமோ, யாரிடம் இத்தனை நாளும் போகாமல் இருந்தோமோ, அந்த ஆளின் முகம். அவ்வளவுதான். அதைப் பார்த்தபின் நடந்து போக ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

அந்த நாலு நாளும் சிப்பித்துறைத் தெருக்களில் பட்டப்பகலில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டும், ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டும், "மன்னிச்சிரு, மன்னிச்சிரு" என்று முட்டினதற்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டும் ஓடினார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் எதிரெதிரே ஓடிவந்து, நடுவில் தாங்களே எழுப்பின மதில் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்று, ஆளுக்கொரு பக்கத்திலிருந்து கடப்பாரையால் இடித்தார்கள். ஒரு கிழவி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "உன் சேவலை நாய் தூக்கிட்டுப் போவல, நான்தான் குழம்பு வச்சேன்" என்றாள். "தெரியும், மணத்துச்சு" என்றாள் மற்றவள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாவ அறிக்கை கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து சாமியாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரும் அங்கியோடு குழியில் படுத்தார், எழுந்து குசினிக்கு ஓடி, ஏழு வருசமாகத் தனக்குச் சமைத்துப் போடுகிற ஆளின் முன்னால் கைகூப்பி நின்று, "உன் பேரைச் சொல்லி நான் ஒருநாளும் உன்னைக் கூப்பிட்டதில்லை" என்றார்.

ஜெனோவா என்கிற பெண் தன் எட்டு மாதப் பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தியபோது மட்டும் சத்தம் நின்றது. குழி தொட்டில் அளவுக்குச் சுருங்கியது. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், இரண்டொருவர் அழுதுவிட்டார்கள். பிள்ளை வானத்தைப் பார்த்துக் காலை உதைத்தது, கொட்டாவி விட்டது, பிறகு பாலுக்குச் சிணுங்கியது. அதற்கு ஓட வேண்டிய இடம் எதுவும் இல்லை. ஜெனோவா அதைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டபோது, எங்கள் எல்லோருக்கும் அந்தப் பிள்ளைமேல் ஒரு பொறாமை வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குழிப்பக்கமே வராதவள் பிலோமினாள்.

பிலோமினாளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கோயிலில் பெண்களின் செபக்கூட்டமான மரியாயின் சேனைக்குத் தலைவி. ஊரில் எந்தப் பெண் செத்தாலும் குளிப்பாட்டி, தலை சீவி, கையில் செபமாலை கட்டிவிடுவது அவள்தான். அவள் புருசன் கஸ்பார் பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. அந்தத் துக்கத்திலும் ஒருநாள்கூடப் பூசை தவறாதவள் என்று பங்குச் சாமியார்கள் மாறி மாறி அவளைப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். "நான் எப்பவோ தயார். கர்த்தர் கூப்பிட்டா செருப்புகூடத் தேட மாட்டேன். இந்தக் குழியில படுத்துத்தான் எனக்குத் தெரியணுமா?" என்று கேட்டாள். நாங்களும் சரிதான் என்று நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரியாயின் சேனைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போனார்கள். தலைவி போகாவிட்டால் நன்றாயிருக்காது என்று பிலோமினாளும் போனாள். கடைசியாக இறங்கினாள். சேலையைக் கணுக்காலுக்கு இழுத்துவிட்டு, கையை நெஞ்சில் கட்டி, தான் எத்தனையோ பேரைக் கிடத்தின மாதிரியே தன்னையும் கிடத்திக்கொண்டாள்.

குழியின் இடதுபக்க மண் மெல்ல விலகியது. ஒரு பிடி மண்கூட உதிரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்கிற இடம் உண்டாயிற்று.

"கஸ்பாருக்கு!" என்றார்கள் பெண்கள். "கடல் எடுத்துக்கிட்டவனுக்கு மண்ணு இடம் வச்சிருக்கு பாத்தியளா!" என்று ஒருத்தி சத்தம்போட்டு அழுதாள். "தோத்திரம், தோத்திரம்" என்று ஊரே முழங்கியது, யாரோ கோயில் மணியை அடிக்க ஓடினார்கள்.

பிலோமினாள் அந்தக் காலி இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். மேலே தெரிந்த முகம் கஸ்பாருடையது இல்லை, பக்கத்து இடமும் கஸ்பாருக்கு இல்லை. அவள் எழுந்து ஏற முடியாமல் இரண்டு முறை சறுக்கினாள், மிக்கேல் கைகொடுத்தான், அவள் கையை உதறிவிட்டு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயசுப் பெண், முட்டுவலிக்காரி, கலங்கரை விளக்கத்துப் பாதையில் மணலில் புதையப் புதைய ஓடினாள். அந்தப் பாதையின் முடிவில் இருந்தது ஒரே வீடு, தொபியாசின் வீடு. அந்த வீட்டுக்கு ஊரில் யாரும் போவதில்லை.

ஏன் போவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கஸ்பாரும் தொபியாசும் ஒரே வள்ளத்துக்காரர்கள். இன்ஜினைப் பார்ப்பது தொபியாசின் பொறுப்பு. வள்ளம் கவிழ்ந்த மூன்றாம் நாள் தொபியாசை மட்டும் வேறு ஊர் வள்ளக்காரர்கள் தூக்கிவந்தார்கள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடந்து திரும்பியபோது கமிட்டி அவனைக் கோயிலில் வைத்து விசாரித்தது. "இன்ஜின் சரியில்லன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு விடியக்காலம் அவரு வீட்டுக்குப் போனேன், அவரு இன்னும் எழும்பல, இன்னைக்குப் போவ வேண்டாம்னு மதினிகிட்டச் சொல்லிட்டு வந்தேன்" என்றான் தொபியாஸ். எல்லோரும் பிலோமினாளைப் பார்த்தார்கள். அவள் பீடத்துப் படியில் கை வைத்து, "அவரு வரவே இல்ல. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல" என்றாள். அவள் சொன்னால் அது வேதவாக்கு. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் ஊர் தொபியாசை விலக்கியது. யாரும் அவனை வள்ளத்தில் ஏற்றவில்லை, யாரும் அவனோடு பேசவில்லை. ஆறாம் வருசம் அவன் பெண்டாட்டி செசிலி செத்தபோது பெட்டி தூக்க ஊரார் வரவில்லை. அன்றிருந்த சாமியாரும் குழிவெட்டி மிக்கேலும் தொபியாசும் செசிலியின் தம்பியும்தான் தூக்கினார்கள். ஊரில் எல்லாப் பெண்களையும் குளிப்பாட்டுகிற பிலோமினாள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

தொபியாஸ் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. மூச்சு வாங்கி, சேலையெல்லாம் மண்ணாக வந்து நிற்கிறவளைப் பார்த்து அவன் எழுந்திருக்கவில்லை.

"வந்தீங்க" என்றாள் பிலோமினாள். "அன்னைக்கு நீங்க வந்தீங்க. சொன்னீங்க. முந்தின நாள் அவரோட சண்டை எனக்கு. மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். அந்தக் கோவத்துல சொல்லாம விட்டுட்டேன். அப்புறம் அவரு வரல. நான்தான் கொன்னேன்னு ஊரு சொல்லிருமேன்னு பயந்துட்டேன் தொபியாஸ். பயத்துல வரலன்னு சொல்லிட்டேன்."

தொபியாஸ் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினான்.

"எனக்குத் தெரியாததையா சொல்லுதீங்க?" என்றான். "நீங்க பொய் சொன்னது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். செசிலிக்குத்தான் தெரியாது. அவ என்னை நம்பாமலே செத்தா மதினி. என் கையால கஞ்சி குடிக்க மாட்டேன்னுட்டா. அவகிட்டப் போயிச் சொல்லுங்க."

"அவ கல்லறையில…"

"நாளைக்குக் கல்லறைத் திருநாள்தானே. ஊரே அங்கதான் நிக்கும்."

அன்று பிலோமினாள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடவில்லை என்றும், ஆனால் வாசல் தெளித்து, கோழிகளை அடைத்து, கூட இருந்த மருமகளிடம் "நாளையிலிருந்து நீங்க எல்லாரும் தலைநிமிந்து நடக்க முடியாமப் போவும், அதுக்கும் என்னை மன்னிச்சிரு" என்று மட்டும் சொன்னாள் என்றும் பிறகு கேள்விப்பட்டோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஊர் முழுவதும் மெழுகுதிரியும் செவ்வந்திப்பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில் கூடியது. அந்த வருசம் போல ஒரு திருநாளை நாங்கள் பார்த்ததில்லை. பேசாதவர்கள் பேசிவிட்டதால் எல்லோருக்கும் வாய் நிறையப் பேச்சிருந்தது, புதிதாகக் கூடின உறவுகள் ஒருவர் கல்லறைக்கு ஒருவர் பூப்போட்டார்கள், பிள்ளைகள் குழியைச் சுற்றி ஓடி விளையாடினார்கள். சாமியார் கையில் மைக்கோடு, கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்து, மூலையில் சுவரோரம் இருந்த செசிலியின் சிமெண்டுக் கல்லறைக்கு வந்தபோது, அதன் முன்னால் பிலோமினாள் முழங்காலில் இருந்தாள். நாங்கள் அதிசயப்பட்டோம். அவள் கையை நீட்டி, "சாமி, அந்த மைக்கைக் குடுங்க" என்றாள்.

"செசிலி" என்று தொடங்கினாள். எங்களைப் பார்க்கவே இல்லை, கல்லறையைப் பார்த்தே பேசினாள். "உன் புருசன் பொய் சொல்லல. அவரு வந்தாரு, எங்கிட்டச் சொன்னாரு. பீடத்துல கை வச்சுப் பொய் சொன்னது நான். நீ செத்தப்ப உன்னைக் குளிப்பாட்ட நான் வரல. உன் மூஞ்சியைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. என் வள்ளம் கவுந்தது ஒரு நாளு, உன் வள்ளத்தை நான் தினமும் கவுத்துக்கிட்டே இருந்தேன். பத்தொம்பது வருசம். நான் தயார் தயார்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் செசிலி. என்னை மன்னிச்சிரு."

திருநாளுக்குக் கட்டியிருந்த ஒலிபெருக்கி நாலும் அதைத் தெருக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோயின. கூட்டத்தில் ஒருவர் "அடிப் பாவி!" என்று கத்தினார். ரொசாரிக்கு முகம் செத்துவிட்டது, விலக்கு வைத்த கமிட்டியில் அவரும் இருந்தார். எங்களில் யார்தான் இல்லை? அந்த நாலு நாளும் குழியில் படுத்த நாங்கள் ஆளுக்கொரு முகத்தைப் பார்த்தோம், தொபியாசின் முகத்தை அவளைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை, அவன் ஒருவனை மறந்தே போயிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

சுவரின் உடைந்த பக்கத்தில் தொபியாஸ் நின்றிருந்தான். எல்லோரும் போனபிறகு தனியாக வந்து திரி ஏற்றுகிறவன் அன்று நேரத்தோடு வந்திருந்தான். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. அவன் செசிலியின் கல்லறையில் திரியை ஏற்றினான், காற்றுக்குக் கையை அணைவைத்துச் சுடர் நிற்கிறவரை பார்த்தான், பிறகு பிலோமினாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது, அதனால் அவன் சொன்னதெல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"மதினி, ஒண்ணு சொல்லணும். யாரும் என்னைச் சொல்ல விடல. நான் உங்ககிட்டச் சொன்னதோட நிக்கல. கடற்கரையில வச்சு அவருகிட்டயும் சொன்னேன். இன்ஜின் இருமுது, இன்னைக்கு வேண்டாம்னேன். சிரிச்சாரு. இருமுனா சாவாதுல, வான்னாரு. நீங்க சொல்லியிருந்தாலும் போயிருப்பாரு."

பிலோமினாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்குப் பயந்து அவள் பொய் சொன்னாளோ அந்தக் குற்றம் அவளுடையதாகவே இருந்ததில்லை. அன்றைக்கு அவள் உண்மையைச் சொல்லியிருந்தால், அதே கமிட்டி முன்னால், அதே நிமிசத்தில், இந்த மனுசன் இதைச் சொல்லி அவளை விடுவித்திருப்பான்.

அப்போதுதான் மிக்கேல், "குழியைக் காணல!" என்று கத்தினான். திரும்பிப் பார்த்தோம். பிள்ளைகள் கெட்டியான தரையில் புல்லின்மேல் ஓடிக்கொண்டிருந்தார்கள். மற்ற எந்த நாளாயிருந்தாலும் ஊரே அங்கே போய் மொய்த்திருக்கும். அன்று ஒருவரும் நகரவில்லை, ஏனென்றால் பிலோமினாள், "அவரு எப்படிச் செத்தாரு தொபியாஸ்?" என்று கேட்டிருந்தாள்.

"கவுந்த வள்ளத்தைப் பிடிச்சிக்கிட்டு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கிடந்தோம்" என்றான் அவன். "எனக்குப் பிடி விட்டுப்போவுதுல, பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரு இல்ல, நீ கேளுன்னாரு. எல்லாப் பாவத்தையும் சொன்னாரு. சின்னதுல திருடின மாங்காயிலிருந்து. சிலதுக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம் மதினி, அந்தத் தண்ணிக்குள்ள. அப்புறம் பாவத்துக்கு வருந்துற மனஸ்தாப மந்திரம் சொன்னாரு, பாதியில மறந்துட்டாரு. எனக்கும் அந்த இடம் வரல. அவரு ஒரு வரி, நான் ஒரு வரின்னு தேடித்தேடி எப்படியோ ஒட்டவச்சு முடிச்சோம்."

"அப்புறம்?" என்றாள் பிலோமினாள். கல்யாணச் சேதி கேட்கிறவளைப் போல அவள் முகம் முன்னால் நீண்டிருந்தது, கண்ணீர் தாடையில் நின்றது.

"அப்புறம் உங்களைப் பத்திச் சொன்னாரு. காலையில சண்டைக்கோவத்துல அவ வச்ச கஞ்சியைத் தொடாம வந்துட்டேன், கருவாடு சுட்டு வச்சிருந்தா, அதுவும் பாவந்தானே, எழுதிக்கோன்னாரு. எதுல எழுதன்னேன். அதுக்கும் சிரிச்சாரு."

"அப்புறம்?"

"பயமாயிருக்கான்னு கேட்டேன். பசிக்குதுல தொபியாசுன்னாரு. அதான் கடைசி."

பிலோமினாள் சிரித்தாள். பத்தொன்பது வருசத்தில் அவள் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை, அழுகை நடுவில் நடுவில் வந்து முட்டியும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. "பசிச்சுதா அவருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தொபியாஸ் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

பிறகு அவள் கையை ஊன்றி எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, ஊர் முழுவதும் பார்க்க, "வாங்க, சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு உங்களுக்கு, எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள். தொபியாஸ் உடனே எழுந்திருக்கவில்லை. செசிலியின் கல்லறையை ஒருமுறை பார்த்தான். அந்த நேரத்தில் நாங்கள் நானூறு பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் எல்லோருடைய ஆத்துமமும் அந்த மனுசன் எழுந்திருப்பதில்தான் இருந்தது.

அவன் எழுந்தான்.